பன்னீர்க் குப்பியில் பதினாலு வேளை

தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வல்லிநாயகம் பிள்ளைக்கு உலகத்தைப் பார்த்துக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சரக்கு எங்கேயிருந்து வருகிறது? வேட்டி என்றால் எந்தத் தறி, சேலை என்றால் எந்தச் சாயப்பட்டறை என்று தெரியாமல் ஒரு முழத் துணியைக்கூட அவர் உள்ளே எடுத்து வைக்கமாட்டார். பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதற்குத்தான் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே, வியாபாரியும் எதற்கு அதே வேலையைச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அவர் கையில் ஒரு சரக்கு வந்து மாட்டிக்கொண்டது. பிரித்துப் பார்க்க முடியவில்லை, நூலை இழுத்துப் பார்க்க முடியவில்லை, நாக்கில் வைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. அது ஒரு இங்கிலீஷ் சர்ட்டிபிகேட்.

குற்றாலத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த தாணுமாலயன் அவருடைய மகள் மங்களேஸ்வரியைப் பெண் கேட்டிருந்தான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா குழல்வாய்மொழி நேரில் வந்து, வெற்றிலைத் தட்டில் ஜாதகத்தையும், அதற்கு மேல் இந்த சர்ட்டிபிகேட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாற்றலாகிப் போன டாக்டரம்மா அவனைப் பற்றித் தன் கையால் எழுதிக் கொடுத்தது. ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும், அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நகை, சீர் என்று வாயே திறக்கவில்லை.

வல்லிநாயகத்துக்குச் சந்தேகம் கிளம்பியது அதில்தான். கேட்டிருந்தால் பேரம் பேசியிருக்கலாம். பேரமே பேசாமல் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறவனை எந்த வியாபாரி நம்புவான்? அதுவும் மங்களேஸ்வரியை.

மங்களேஸ்வரிக்கு வலிப்பு இருந்தது. பதினைந்து வயதில் கடையில் வைத்துத்தான் முதல் தடவை விழுந்தாள். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது இருபத்து மூன்று. நோயை மூடி மறைத்துப் பேசிய மூன்று சம்பந்தங்களும் எவனோ ஒரு புண்ணியவான் போய் ஊதிவிட்டதில் கலைந்துபோயின. இந்தப் பையனிடம் மறைக்க ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக வியாழக்கிழமைதோறும் அவளுக்கு மருந்து கலந்து கொடுக்கிறவனே அவன்தான். பழுது இருக்கிற துணி என்று தெரிந்தே ஒருவன் முழு மனசோடு வந்து நிற்கிறான் என்றால், அவன் பக்கம் இதைவிடப் பெரிய கிழிசல் இருக்கவேண்டும். வல்லிநாயகம் இப்படித்தான் யோசித்தார். முப்பது வருஷ அனுபவம் அவரை அப்படித்தான் யோசிக்கவிட்டது.

ஜாதகத்தை ஜோசியர் பார்த்துவிட்டார். சர்ட்டிபிகேட்டைப் பார்க்க அடுத்த கடை துல்கர்னைனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அத்தர், பன்னீர், சாம்பிராணி விற்கிற துல்கர்னைன் பத்து வருஷம் கொழும்பில் இருந்தவர். வெள்ளைக்காரனிடமே விலையைக் கூட்டிச் சொல்லிப் பழகிய இங்கிலீஷ் அவருடையது.

"எல்லாம் நல்ல வார்த்தைதான்வே" என்றார் துல்கர்னைன், காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு. "மெட்டிக்குலஸ், ஸ்க்ரூப்புலஸ், கேர்ஃபுல், ப்ரிஸைஸ், டிலிஜெண்ட். எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான். பய கவனமா இருப்பான்."

"ஒண்ணுதான்னா எதுக்கு ஓய் அஞ்சு?"

"அடுக்கிச் சொன்னாத்தானே எடுப்பு?"

"எடுப்பா? நல்ல சேலையை நான் வாங்க வந்தவங்க மடியில போட்டுட்டுச் சும்மா இருப்பேன். மட்டமான சேலைக்குத்தான் அஞ்சு பேரு சொல்லி விப்பேன். அழுத்தமான ரகம், கெட்டிச் சாயம், பட்டு மினுக்கம், புதுக் கரை, மெட்ராஸ் மோஸ்தர்னு."

துல்கர்னைன் சிரித்தார். "போன பெருநாளைக்கு என் பொஞ்சாதிக்குக் குடுத்த சேலைக்கும் அஞ்சு பேரு சொன்னீரே?"

"அது வேற விஷயம்" என்று வல்லிநாயகம் அவசரமாகக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

வார்த்தையின் அர்த்தம் தெரிந்து என்ன செய்ய? அது எங்கேயிருந்து வந்தது என்றல்லவா தெரியவேண்டும்! அதைச் சொல்ல ஊரில் ஒரே ஆள்தான் இருந்தாள். அவள் அவர் வீட்டிலேயே இருந்தாள் என்பதுதான் சங்கடம்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் குற்றாலத்தில் ஒரு எஸ்டேட் துரை பங்களாவைக் காலி செய்தபோது, ஏலத்தில் வல்லிநாயகம் ஒரு தேக்கு அலமாரி எடுத்தார். அடித்தட்டில் தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் அகராதி கிடந்தது. ஒவ்வொரு வார்த்தையும் எந்தத் தேசத்தில் பிறந்து எந்த வழியாக வந்தது என்று சொல்கிற அகராதி. அலமாரிக்குக் கொசுறாக அதையும் வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் நின்ற மங்களேஸ்வரி எட்டு வருஷமாக அதை மற்றவர்கள் பேப்பர் படிக்கிற மாதிரி தினமும் படித்துக்கொண்டிருந்தாள். எங்கே எந்த வார்த்தைக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு அத்துபடி.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் வல்லிநாயகம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சர்ட்டிபிகேட்டை நீட்டினார். மேலே இருந்த பெயரைக் கட்டைவிரலால் கெட்டியாக மறைத்துக்கொண்டார்.

"ஏட்டி, கடைக்குக் கணக்கெழுத ஒருத்தன் வந்திருக்கான். அவன் காயிதம். இந்த அஞ்சு வார்த்தையும் எங்கன இருந்து வருதுன்னு பாத்துச் சொல்லு."

மங்களேஸ்வரி காகிதத்தைப் பார்த்தாள், கட்டைவிரலைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். கடையில் கணக்கெழுத வருகிறவனுக்கு ஒரு டாக்டர் எதற்கு சர்ட்டிபிகேட் கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அகராதியை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"மெட்டிக்குலஸ். இது லத்தீன்ல இருந்து வருதுப்பா. மெட்டுஸ்னா பயம். பயந்து சாகிறவன்னுதான் மொதல்ல அர்த்தம்."

"பயந்தாங்கொள்ளியா!"

"இப்ப அப்படி இல்லப்பா. எங்க தப்பு வந்துருமோன்னு பயந்து பயந்து ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாக்குறவன்."

"சரி, அடுத்தது."

"ஸ்க்ரூப்புலஸ். ஸ்க்ரூப்புலுஸ்னா கூரான சின்னக் கல்லு. செருப்புக்குள்ள கெடந்தா நடக்க விடாதுல்லா? அப்படி மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கிறவன். இருபது கிரெய்ன் எடைக்கும் அதே பேருதான். மருந்து எடை போடுறவங்க ஸ்க்ரூப்பிள்னு சொல்லுவாங்க."

"உனக்கு எப்படிட்டி தெரியும், மருந்து எடை போடுறவங்க என்ன சொல்லுவாங்கன்னு?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றாள் மங்களேஸ்வரி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "கேர்ஃபுல். இது பழைய இங்கிலீஷ். கேர்னா அப்ப துக்கம். கேர்ஃபுல்னா துக்கம் நெறஞ்சவன்."

வல்லிநாயகம் எழுந்தே விட்டார். "பயந்தாங்கொள்ளி, செருப்புல கல்லு, நெஞ்சு நெறைய துக்கம்! இவன் மாப்பிள்ளையா, எழவு வீட்டுல மொட்டை போட உக்காந்திருக்கவனா?"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மங்களேஸ்வரி குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. அடுக்களையிலிருந்து பார்வதியம்மாளின் குரல் வந்தது: "கணக்குப்பிள்ளைக்கு மாப்பிள்ளைப் பட்டம் கட்டியாச்சாக்கும். மீதி ரெண்டையும் கேட்டுட்டு வாங்க, இட்லி ஆறுது."

"ப்ரிஸைஸ்னா முன்னாலயே வெட்டினது" என்றாள் மகள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "பிசிறு இல்லாம, கூடக் கொறைய இல்லாம, நறுக்குன்னு."

"இது பரவாயில்ல. இது எங்க தொழில்ல வாரது. கடைசி?"

மங்களேஸ்வரி டிலிஜெண்டைத் தேடி எடுத்தாள். படித்தாள். புத்தகத்தை மூடினாள். "அது நெறைய இருக்குப்பா. நாளைக்குச் சொல்லுதேன்."

அதற்குள் பார்வதியம்மாள் மருந்துக் குப்பியோடு வந்துவிட்டாள். சாதாரணமாக மருந்து வரும் நேரத்தில் வல்லிநாயகத்துக்குக் கொல்லைப்புறத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். எட்டு வருஷமாக அந்த அவசரம் தவறியதே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமும் அவர் போனதில்லை, தாயும் மகளும்தான் போவார்கள். அன்றைக்கு ப்ரிஸைஸ் அவரைப் பிடித்து நிறுத்தியது. வெட்டு என்றால் எப்படி வெட்டு, பார்ப்போமே?

அந்தக் குப்பி துல்கர்னைன் கடையில் பன்னீர் வந்த பழைய குப்பி. அடி அகன்று, தோள் ஒடுங்கி, கழுத்து நீண்டு, பேரிக்காய் கணக்காக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அவரவர் குப்பியை அவரவரே கொண்டுபோவதுதான் வழக்கம். உப்புக் கரிக்கிற மருந்தை இதில் வைத்துப் பார்த்தாலாவது கொஞ்சம் ஆசையாக இருக்கும் என்று மங்களேஸ்வரி இதை வைத்துக்கொண்டாள். பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, கம்பவுண்டர் தாளின் ஓரத்தில் கத்தரியால் வெட்டுக்கள் போட்டிருப்பார். காலையும் மாலையுமாக ஏழு நாளுக்குப் பதினாலு வெட்டு.

வல்லிநாயகம் குப்பியைக் கையில் வாங்கினார். கண்ணைச் சுருக்கினார். பிறகு உள்ளே போய் வீட்டுக் கஜக்கோலை எடுத்துவந்து குப்பியோடு சேர்த்து வைத்தார்.

"பாத்தியாட்டி லட்சணத்தை? மேல ஒரு வேளைக்கு ஒண்ணரை விரல்கடை. கீழ வர வர அரை விரல்கடைகூட இல்ல. இவனா ப்ரிஸைஸ்? ஒரு தாளை நாலா மடிச்சுச் சமமா வெட்டத் தெரியாதவன்கிட்டயா மூணு வருஷமா என் பிள்ளை மருந்து குடிக்கா? என் கடையில இப்படி ஒருத்தன் துணி கிழிச்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவேன்."

"அப்பா…"

"ஒண்ணும் பேசாத. வெள்ளிக்கிழமை ஆள் விட்டுச் சொல்லிருதேன், இது சரிப்படாதுன்னு."

மங்களேஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மூன்று சம்பந்தம் கலைந்தபோதும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மருந்தைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கஜக்கோலை வச்சு மருந்து குடிக்க முடியாதுப்பா. வியாழக்கிழமை காலையில குப்பி காலியாயிரும். அதுக்கப்புறம் அளந்து பாத்துட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் சமாளிக்கலாம், வேண்டும் என்று அழுதால் அதையும் சமாளிக்கலாம். அளந்து பாருங்கள் என்று சொன்னால் ஒரு வியாபாரி என்ன செய்வான்?

வியாழக்கிழமை காலையில் கடைசி வேளையைக் குடித்ததும் அவள் குப்பியைக் கழுவி, முதல் வெட்டுவரை தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். தாள் நனையாமல் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் அவுன்ஸ் கிளாஸ். ஒரு வேளைக்கு அரை அவுன்ஸ். வல்லிநாயகம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வெட்டிலிருந்து இரண்டாம் வெட்டுவரை தண்ணீரைச் சரித்தார். கிளாசில் அரைக் கோட்டில் வந்து நின்றது. கொட்டிவிட்டு அடுத்ததை ஊற்றினார். அதுவும் அரைக் கோடு. அடுத்தது. அடுத்தது.

ஆறாவது வேளையில் அவர் கிளாசைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குப்பி அகலமாகிற இடம் வந்ததும் வெட்டுக்கள் நெருங்கின. ஆனாலும் கிளாசில் தண்ணீர் அதே கோட்டில்தான் வந்து நின்றது. துணிக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே அகலம். முப்பது வருஷம் துணியையே அளந்த கண்ணுக்கு, குப்பி அப்படி இல்லை என்பது தோன்றவே இல்லை. குப்பியின் அடி உள்பக்கமாகக் குடைந்து எழும்பியிருந்தது. கடைசி வேளை அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதை எந்தக் கண்ணாலும் மதிக்க முடியாது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அரைக் கோடு.

"ஒவ்வொரு வேளையாத் தண்ணி ஊத்தி அடையாளம் வச்சுத்தான் வெட்டியிருக்கான்" என்றார், தனக்குத்தானே.

"டிலிஜெண்ட்" என்றாள் மங்களேஸ்வரி மெதுவாக. "அன்னைக்குச் சொல்லாம விட்டேன்லா. அதுக்கு வேர் பிரியம்பா. பலதுல ஒண்ணைப் பொறுக்கி எடுத்து, பிரியமா வச்சுக்கிடுறது. அதுல இருந்துதான் பாடுபட்டுச் செய்றவன்னு ஆச்சு."

அகராதி வாசிக்கிற குரலாக இல்லை அது. வல்லிநாயகம் மகளை ஒரு கணம் பார்த்தார், பார்க்க முடியாமல் அவுன்ஸ் கிளாசைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் மனசு எங்கே நிற்கிறது என்று அந்தக் காலையில்தான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. தெரிந்ததும் பயம் இரட்டிப்பாயிற்று. இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாளே, அவன் போலியாக இருந்துவிட்டால்?

"இப்ப என்ன சொல்லுதீங்க?" என்றாள் பார்வதியம்மாள்.

"இவளுக்குன்னு செஞ்சிருப்பான். கடை வாசல்ல தொங்கவிடுத சேலை எப்பவும் நல்லாத்தான் இருக்கும். மூட்டையில அடியில இருக்கதைப் பாக்கணும்."

"நீங்க மூட்டைக்குள்ளயே குடி போங்க" என்றாள் அவள்.

அன்றைக்குத் தாயும் மகளும் போகவில்லை. பன்னீர்க் குப்பியைத் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டு வல்லிநாயகமே குற்றாலம் பஸ் ஏறினார். போகிற வழியில் துல்கர்னைனிடம் கழுத்துக் கோணலான ஒரு குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "இதுல எதை ஊத்தினாலும் பாதி வெளியதான் விழும்" என்றார் துல்கர்னைன். "அதுதான் வேணும்" என்றார் இவர்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குக் குளிக்க வந்த கூட்டம் தலையில் எண்ணெய் வழிய ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, இருமலும் காய்ச்சலுமாக ஒரு கூட்டம் ஆஸ்பத்திரிச் சன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றது. வயிற்றில் வாயு என்று டாக்டரிடம் ஒரு பொய் சொல்லி, நல்லகண்ணு என்று பேரில் இன்னொரு பொய் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டு வல்லிநாயகமும் வரிசையில் நின்றார்.

சன்னலுக்குள் முப்பது வயதில் ஒரு ஒல்லி ஆள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருந்தான். தராசில் பொடியைத் தட்டும்போது மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டு, முள் நின்றதும் விட்டான். வரிசையில் ஒருத்தன், "அருவி வத்துறதுக்குள்ள குடுத்துருவீரா?" என்று கேட்டான். "வத்தினா அடுத்த சீசனுக்கு வாங்க" என்றான் அவன், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வல்லிநாயகத்துக்கு முன்னால் அச்சன்புதூரிலிருந்து நடந்தே வந்த வயதான பெண் ஒருத்தி, பேச்சித்தாய் என்று பேர் சொன்னாள். நாற்று நடுகிறவள், காலில் சேறு காயவில்லை. அவள் நீட்டியது விளக்கெண்ணெய் வைத்திருந்த ஒரு சதுரக் குப்பி. கண்ணாடி ஒரு பக்கம் கனத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது.

"இது புதுக் குப்பியால்லா இருக்கு? பழசு என்னாச்சு?"

"பேரன் ஒடச்சுட்டான்யா."

அவன் ஒரு பெருமூச்சு விட்டு, குப்பியில் வேளை வேளையாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு அட்டைத்துண்டைப் பக்கத்தில் பிடித்து அடையாளம் வைக்க ஆரம்பித்தான். வரிசை முணுமுணுத்தது. அவன் பக்கத்தில் திறந்திருந்த இழுப்பறையை வல்லிநாயகம் எட்டிப் பார்த்தார். அதற்குள் வெட்டுப்போட்ட அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பேர், ஊர், குப்பியின் அடையாளம். ஐம்பது இருக்கும், அறுபது இருக்கும். ஆய்க்குடி, சிவகிரி என்று ஊர்கள்.

பேச்சித்தாய்க்குத் தாளை வெட்டும்போது மட்டும் அவன் கத்தரியை ஆழமாக விட்டான். தாளை ஒட்டிவிட்டு அவள் விரலைப் பிடித்து வெட்டின்மேல் வைத்தான். "கண்ணு மங்கல்னு சொன்னீங்கல்லா ஆச்சி? விரலால தடவிப் பாருங்க. தட்டுப்படுதா?"

"தட்டுப்படுதுய்யா. ரொம்ப தூரத்துல இருந்து வாரேன், ஒரு சொட்டு கூடுதலா ஊத்துய்யா."

"கூட ஊத்தினா அது மருந்து இல்ல ஆச்சி. வேணும்னா இங்கன உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க. அது எவ்வளவுன்னாலும் தாரேன்."

வல்லிநாயகம் மூட்டையின் அடியைப் பார்த்துவிட்டார். அங்கேயும் அதே சரக்குதான்.

அவர் முறை வந்தது. கோணல் குப்பியை வைத்தார். தாணுமாலயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை எங்கன பிடிச்சீங்க அண்ணாச்சி?"

"வீட்டுல இருந்தது."

"சரி. அந்தப் பையில இருக்க பன்னீர்க் குப்பியையும் குடுங்க. வியாழக்கிழமை மருந்து தவறக்கூடாது."

வல்லிநாயகம் பையைக் குனிந்து பார்த்தார். நீண்ட கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு உலகத்தையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வியர்த்துவிட்டது அவருக்கு. குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு மணிக்குச் சன்னல் அடைப்பேன்" என்றான் அவன், தலை நிமிராமல். அவனுக்கும் காது சிவந்திருந்தது. "பேசணும்னா இருங்க."

இருந்தார். ஒரு மணிக்கு அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தூரத்தில் அருவியின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வல்லிநாயகம் சுற்றி வளைக்கவில்லை. வளைக்கத் தெரியாமல் இல்லை, அன்றைக்கு அதற்குத் தெம்பு இல்லை. "தெரிஞ்சே எதுக்குத் தம்பி கேக்குதீரு? நல்ல பிள்ளைகள் ஊர்ல இல்லையா?"

அவன் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு வியாழக்கிழமை உங்க மக வந்து, 'போன வாரம் மருந்துல உப்பு கூடுதலா இருந்துச்சு'ன்னாங்க. நான் அடிச்சு இல்லைன்னு சொல்லிட்டேன். அவங்க போனபிறகு மனசு கேக்கலை. தராசைக் கழத்திப் பாத்தேன். எடைக்கல் வைக்க தட்டுல அடியில பிசுக்கு ஒட்டியிருந்தது. ஒரு கிரெய்ன்கூட இருக்காது. அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் அவ்வளவு கூடப் போயிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்கு ரெண்டு நாளு சோறு இறங்கலை. அடுத்த வாரம் அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன். 'என்னைச் சந்தேகப்படாம தராசைச் சந்தேகப்பட்டீங்களே, அதுவே பெருசு'ன்னாங்க. நோய் வந்த நாள்ல இருந்து அவங்க என்ன சொன்னாலும், உடம்பு சரியில்லாத பிள்ளை ஏதோ சொல்லுதுன்னுதான் எல்லாரும் விட்டுருக்காங்க. அன்னையில இருந்துதான்… நான் எடை போடும்போது எனக்கு எப்பவும் பயமா இருக்கும். அதைப் புரிஞ்சுக்கிடுத ஆள் ஒருத்தங்க இருக்காங்கன்னு தோணுச்சு."

வல்லிநாயகத்துக்கு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்போல இருந்தது. பொண்டாட்டியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

"அவ மொதல்ல விழுந்தது என் கடையில. தீபாவளி வியாபாரம். ஊரே நிக்கி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தூக்கலை. மடியில வைக்கலை. கைக்குக் கிடைச்ச ஒரு சேலையைப் பிரிச்சு அவ மேல போட்டு மூடினேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு. மூச்சு முட்டிப்போயிருந்தா? அன்னையில இருந்து அவ மருந்து குடிக்கும்போது எனக்கு அங்கன நிக்க முடியாது." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பெத்தவன் நானே இப்படி. உம்ம அக்காவுக்குத் தெரியுமா? நாளைக்கு அடுக்களையில விழுந்தா அவ என்ன செய்வா?"

"தெரியும். பெண் கேக்க வாரதுக்கு முன்னாடியே நான்தான் சொன்னேன். மூணு நாள் அக்கா என்கூடப் பேசலை. சோறு போடுவா, பேசமாட்டா. நாலாம் நாள் காலையில, 'விழுந்தா தலைக்கு என்னலே வைக்கணும்?'னு கேட்டா. மெத்துனு ஏதாவது வச்சா அடிபடாதுன்னேன். அன்னைக்கே தன்னோட பழைய சேலையை எட்டா மடிச்சுத் தச்சு, அடுக்களையில ஒண்ணு, கிணத்தடியில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு வச்சிருக்கா. அது வச்சுப் பத்து நாளாச்சு. நீங்க சரின்னு சொல்லுவீங்களான்னுகூடத் தெரியாது அவளுக்கு."

தாணுமாலயன் உள்ளே போய், மருந்து நிரப்பிய பன்னீர்க் குப்பியைக் கொண்டுவந்து, கழுத்து வெளியே நீட்டாதபடி பைக்குள் படுக்கவைத்தான்.

"நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாரும்" என்றார் வல்லிநாயகம் எழுந்துகொண்டு. "வெறும் கையோட வாங்க. ஒண்ணும் கொண்டுவந்துராதீங்க, எங்க வீட்டுல இருக்கவ அதுக்கும் என்னைத்தான் ஏசுவா."

"சரி… மாமா" என்றான் அவன்.

வல்லிநாயகம் குடையை விரிக்க மறந்து பஸ் ஸ்டாண்டுவரை நனைந்துகொண்டே போனார்.

வீட்டில் பார்வதியம்மாள் வாசலிலேயே நின்றாள். அவர் ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மங்களேஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சேலையை மடித்துத் தைத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிற கதை வந்ததும் பார்வதியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

வல்லிநாயகம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி, நாளைக்கு வரச் சொல்லிட்டு வந்துட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்காம. சரிதானா?"

மங்களேஸ்வரி வெளியே வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அந்தச் சேலை என்ன நெறம்பா?"

வல்லிநாயகம் முழித்தார். "கேக்கலியே."

"துணிக்கடைக்காரருன்னு பேரு" என்று சொல்லி அவள் சிரித்தாள். துண்டை எடுத்து வந்து அப்பாவின் தலையைத் துவட்டிவிட ஆரம்பித்தாள்.